கணக்கில் வராத மோதல்கள்

2003 நவம்பர் 22. சிட்னியில் ரக்பி உலகக்கோப்பை இறுதியாட்டம் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களுக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து 17, ஆஸ்திரேலியா 17. பக்கக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ளே எறிய வேண்டியவர் இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்ஸன். இரு அணியினரும் எதிரெதிராக வரிசைகட்டி நிற்க, இடையில் பந்தை எறிவதற்கு லைன்-அவுட் என்று பெயர். முன்னால் நிற்பவருக்கு எறிந்தால் பத்திரம். தாம்ஸன் வரிசையின் கடைக்கோடிக்கு எறிந்தார். அங்கே லூயிஸ் மூடி எழும்பிப் பிடித்தார். பந்து சில கைகள் மாறி ஜானி வில்கின்ஸனிடம் போய்ச் சேர்ந்தது. இடதுகாலால் உதைப்பதே வழக்கமான அவர் அன்று வலதுகாலால் உதைத்தார். 20–17. வடகோள நாடொன்று ரக்பி உலகக்கோப்பையை வென்றது அதுதான் முதல்முறை.

அந்த வெற்றி தன் நினைவில் இல்லை என்று 2020 டிசம்பரில் தாம்ஸன் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 42. இளவயது டிமென்ஷியா என்று மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்த்தால் அதில் ஓடுபவர் வேறு யாரோ போலத் தோன்றுகிறது, மனைவியின் பெயர்கூடச் சில நேரம் வர மறுக்கிறது என்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில், அந்தப் பந்தைப் பிடித்த மூடி தமக்கு இயக்க நரம்பணு நோய் வந்திருப்பதை அறிவித்தார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அது. அவருக்கு வயது 47.

இரண்டு செய்தியையும் அருகருகே வைத்தவுடன் ரக்பிதான் காரணம் என்று தீர்ப்பெழுதத் தோன்றும். தனியொரு மனிதரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று அறிவியலால் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரே தொழிலைச் செய்த பல நூறு பேரின் வாழ்க்கையை எடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, அந்தத் தொழில் உடலில் என்ன செய்கிறது என்று அதனால் சொல்ல முடியும். கடந்த சில ஆண்டுகளில் அப்படி வெளிவந்த முடிவுகளைப் படித்தவர்களுக்கு ஒன்று புரியும். ரக்பி வீரரின் மூளைக்கு ஆபத்து, நாம் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறும் அந்த ஒரு பெரிய மோதலில் மட்டும் இல்லை. யாரும் பதறாத, யாரும் எழுதி வைக்காத ஆயிரக்கணக்கான சிறு மோதல்களில் இருக்கிறது. விளையாடிய ஆண்டுகளே அதன் அளவு.

ரக்பி யூனியன் நூறாண்டுக்கு மேலாகச் சம்பளமில்லாத ஆட்டமாக இருந்தது. ஆசிரியர்கள், காவலர்கள், விவசாயிகள், மருத்துவர்கள் வாரத்தில் ஓரிரு மாலை பயிற்சி செய்துவிட்டுச் சனிக்கிழமை ஆடினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் கோப்பையே அந்தக் காலத்தின் சாட்சி: கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் நடத்திய ரக்பிக் கழகம் 1870-களின் இறுதியில் கலைந்தபோது, வங்கியில் கிடந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கிச் செய்த கோப்பை அது. நாகப்பாம்புகள் கைப்பிடி, மூடிமேல் யானை. இன்றும் அதன் பெயர் கல்கத்தாக் கோப்பை. 2002-இல் தாம்ஸன் இங்கிலாந்துக்காக முதன்முதலில் ஆடியதும் ஸ்காட்லாந்துக்கு எதிராகத்தான்.

1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய பன்னாட்டு ரக்பி வாரியம் வீரர்கள் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது. ஆட்ட நேரம் அதே 80 நிமிடம்தான். மாறியது வாரத்தின் மற்ற நாட்கள். பதின்ம வயதிலேயே ஒரு கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, முப்பது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளில் ஓய்வுபெறும் வரை, உடலை வளர்ப்பதும் மோதிப் பழகுவதுமே முழுநேர வேலையாயிற்று. ஐரோப்பாவின் ஐந்து நாடுகள், பின்னர் ஆறு நாடுகள் போட்டிகளில் ஆடிய வீரர்களின் சராசரி எடையை ஆராய்ந்தவர்கள், 1955-இல் 84.8 கிலோவாக இருந்தது 2015-இல் 105.4 கிலோவாகிவிட்டதைக் கண்டார்கள். அதே வேகத்தில் ஓடினாலும் மோதும் உடலில் கால்பங்கு அதிக ஆற்றல் இருக்கிறது என்று இதற்குப் பொருள். வேகமும் குறையவில்லை. உடற்பயிற்சியால் தொடை தடிக்கும், கழுத்து வலுக்கும், தோள் அகலும். மண்டையோட்டுக்குள் இருக்கும் ஏறத்தாழ 1.4 கிலோ மூளையை எந்தப் பயிற்சியும் மோதலுக்குத் தயார் செய்யாது. தொழில்முறை ரக்பியின் எல்லாச் சிக்கலும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

தாம்ஸன் ஆடிய இடத்துக்கு ஹூக்கர் என்று பெயர். ஸ்க்ரம் என்ற அமைப்பில் பக்கத்துக்கு எட்டுப் பேர் மூன்று அடுக்காகப் பிணைந்து, குனிந்து, எதிரணி எட்டுப் பேரைத் தோளால் தள்ளுவார்கள். முன்வரிசையின் நடுவில் நிற்பவர் ஹூக்கர். இரு கைகளும் இருபுறமும் நிற்கும் ப்ராப் வீரர்களின் தோள்களில் பிணைந்திருக்கும். தலையையோ கழுத்தையோ காத்துக்கொள்ளக் கை மிச்சமிருக்காது. பின்னாலிருந்து தம் அணியின் விசை, முன்னாலிருந்து எதிரணியின் விசை, இரண்டும் முதுகெலும்பின் வழியாகச் சந்திக்கின்றன.

இந்த விசையை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உணரிகள் பொருத்திய ஸ்க்ரம் எந்திரத்தில் அளந்தார்கள். பன்னாட்டு ஆண்கள் அணிகளின் எட்டுப் பேரும் பாய்ந்து மோதும் அந்தக் கணத்தில் உச்ச விசை சுமார் 16,500 நியூட்டன். ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட சுமை ஒரு நொடியின் சிறு பகுதியில் வந்து இறங்குவதற்குச் சமம். எதிரணியினரை முதலில் பற்றிக்கொண்டு பிறகு தள்ளத் தொடங்கினால் இந்த உச்சம் கால்பங்கு குறைகிறது என்று அதே குழு காட்டியது. 2013-இல் விதியும் அப்படியே மாறியது. தாம்ஸன் தம் உச்சத்தில் ஆடிய காலம் அதற்கு முந்தையது. பயிற்சியில் எந்திரத்தின் மீது திரும்பத் திரும்ப மோதியதையும், கண்ணுக்குள் வெள்ளை ஒளி தெறித்ததையும், சில நொடிகள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் நின்றதையும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2007-இல் கழுத்துக் காயத்தால் ஓய்வு அறிவித்தார். பிறகு தேறி, பிரான்ஸின் ப்ரீவ் கழகத்தில் மீண்டும் களமிறங்கி, 2011 உலகக்கோப்பையிலும் ஆடினார். அந்த ஆண்டின் இறுதியில் மறுபடியும் கழுத்தே அவரை நிறுத்தியது. நாட்டுக்காக ஆடியவை 73 ஆட்டங்கள். எந்திரத்தின் மீது மோதிய தடவைகளுக்குக் கணக்கே இல்லை.

தலையில் நேரே அடி விழாமலே மூளைக்கு எப்படிச் சேதம் வருகிறது? ஒரு செம்பில் தண்ணீரை நிரப்பிச் சட்டென்று திருகிப் பாருங்கள். செம்பு சுழலும், தண்ணீர் சற்றுநேரம் நின்ற இடத்திலேயே நிற்கும். தலை திடீரென்று திரும்பும்போது மண்டையோடு முந்துகிறது, மூளை பிந்துகிறது. தண்ணீருக்கு இதனால் நட்டமில்லை. மூளை இழைகளால் ஆனது. வெளிப்பகுதி ஒரு திசையிலும் உட்பகுதி வேறொரு வேகத்திலும் நகர, இடையில் ஓடும் நரம்பிழைகள் இழுபடுகின்றன. நேர்க்கோட்டு அதிர்வைவிடச் சுழற்சி அதிர்வையே ஆய்வாளர்கள் அதிகம் அஞ்சுவது இதனால்தான். தலைக்கவசம் மண்டையோட்டு முறிவைத் தடுக்கலாம், சுழற்சியைத் தடுக்காது. ரக்பியில் அணியும் மெத்தென்ற தொப்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நரம்பிழை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்டது. மெதுவாக இழுத்தால் நீண்டு, பழைய நிலைக்குத் திரும்பும். அதே இழையைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இழுத்தால் கண்ணாடிபோல் நடந்துகொள்கிறது: உள்ளே சரக்கு கொண்டுபோகும் நுண்குழல்கள் ஒடிகின்றன. இழையின் சவ்வு வழியாகப் பொட்டாசியம் வெளியே ஓட, கால்சியம் உள்ளே பாய்கிறது. கலைந்துபோன இந்த அயனிச் சமநிலையைச் சீராக்கச் செல்கள் தம் ஆற்றலையெல்லாம் செலவழிக்கின்றன. ஆற்றல் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்திலேயே மூளைக்கு வரும் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. தேவை மேலே, வரவு கீழே. இந்த நெருக்கடியைத்தான் மூளை அதிர்ச்சி என்கிறோம். தலைசுற்றல், குழப்பம், ஒளி கூசுதல், நினைவு தப்புதல் எல்லாம் அதன் வெளித்தோற்றம். மயங்கி விழுவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. விழவில்லையே என்பதால் ஒன்றுமில்லை என்று எண்ணுவது பெரிய தவறு. நெருக்கடி தீர நாட்கள், வாரங்கள் ஆகலாம். அதற்குள் இரண்டாவது அடி பட்டால் இளம் மூளை வீங்கி உயிரே போகக்கூடும். 2011-இல் வட அயர்லாந்தில் பள்ளி ஆட்டமொன்றில் 14 வயதுச் சிறுவன் அப்படித்தான் இறந்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் 2012-இல் மூளை அதிர்ச்சியைக் கண்டறிய ரக்பி நிர்வாகம் கொண்டுவந்த சோதனைக்கு ஒதுக்கிய நேரம் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் ஒருவருக்கு மூளை அதிர்ச்சி இல்லை என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது என்று வாதாடி, அயர்லாந்தின் முன்னாள் வீரரும் மருத்துவருமான பேரி ஓ'டிரிஸ்கல் வாரியத்தின் மருத்துவ ஆலோசனைப் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டே சிட்னியில், பிரிட்டிஷ்–ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், தலையோடு தலை மோதிய ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஸ்மித் தள்ளாடியபடி வெளியேறியதையும், சிறிது நேரத்தில் களத்துக்குத் திரும்பியதையும் உலகமே பார்த்தது. ஓ'டிரிஸ்கல் சொன்னது சரி. இன்று களத்துக்கு வெளியே ஒரு சோதனை, ஆட்டம் முடிந்து சில மணி நேரத்துக்குள் ஒன்று, இரண்டு இரவு தூங்கி எழுந்த பின் ஒன்று என மூன்று கட்டமாகப் பார்க்கிறார்கள். ஒரு மனிதர் பதவியை விட்டுச் சொன்ன உண்மை நடைமுறைக்கு வர இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டாம்.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாமே வெளியே தெரிந்த மோதலைப் பற்றியவை. தெரியாதவை?

தொழில்முறை ஆண்கள் ரக்பியில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய ஓர் ஆய்வு, ஆட்டத்தில் 1,000 வீரர்-மணி நேரத்துக்கு 81 காயங்கள், பயிற்சியில் வெறும் 3 என்று கணக்கிட்டது. ஓர் அணியில் 15 பேர், 80 நிமிடம் என்றால் 20 வீரர்-மணி. ஆட்டத்துக்கு ஆட்டம் அணிக்கு ஒன்றிரண்டு பேர் காயப்படுவார்கள் என்று பொருள். ஆட்டத்தோடு ஒப்பிட்டால் பயிற்சி பாதுகாப்பானது என்று இந்த எண்கள் சொல்வதுபோல் இருக்கும். ஆனால், வீரரைக் களத்திலிருந்து விலக்கி வைத்தால்தான் அது காயம் என்று பதிவாகும். கண்முன் ஒளி தெறித்து, தலையை உதறிக்கொண்டு அடுத்த மோதலுக்கு நின்றவர் அந்த மூன்றில் இல்லை.

அறிகுறி காட்டாத இந்தச் சிறு அதிர்வுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி பழையது. 1928-இல் அமெரிக்க நோயியலாளர் ஹாரிஸன் மார்ட்லண்ட், குத்துச்சண்டை வீரர்கள் தள்ளாடுவதையும் குழறுவதையும் பற்றி எழுதினார். 2002-இல் பென்னட் ஒமாலு, அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை உடற்கூறாய்வில் பரிசோதித்து, அதே வகைச் சிதைவைக் கண்டார். நாள்பட்ட அதிர்ச்சி மூளைச் சிதைவு என்று அதைச் சொல்லலாம். மருத்துவர்கள் சுருக்கமாக சி.டி.இ. என்கிறார்கள். அதில் முக்கியப் பாத்திரம் டௌ என்ற புரதத்துக்கு. நலமான நரம்பிழையில் நுண்குழல்கள் குலையாமல் கட்டிவைப்பது டௌவின் வேலை. இழை சேதமாகும்போது டௌ கழன்று, வேதிமாற்றம் அடைந்து, ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகிறது. அந்த முடிச்சுகள் அண்டைச் செல்களுக்கும் பரவக்கூடியவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

டௌ முடிச்சு அல்ஸைமர் நோயிலும் உண்டு. வேறுபாடு இடத்தில் இருக்கிறது. சி.டி.இ.-யில் முடிச்சுகள் மூளையின் மேற்பரப்பு மடிப்புகளின் அடிப்பள்ளத்தில், சிறு இரத்தக்குழாய்களைச் சுற்றித் தொடங்குகின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் தலை மோதல்களைக் கணினியில் மறுபடி நிகழ்த்திப் பார்த்தபோது, இழுவிசை மிகுந்து தெரிந்த இடங்களில் அந்தப் பள்ளங்கள் முக்கியமானவை. விசை எங்கே குவிகிறதோ அங்கேதான் நோய் முளைக்கிறது என்று இயற்பியலும் நோயியலும் தனித்தனி வழியில் போய் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. இந்தத் துறையில் என்னை மிகவும் உலுக்கிய முடிவு இதுதான்.

இனி அந்தப் பல நூறு பேர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லி ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, ஸ்காட்லாந்துக்காக ஆடிய 412 முன்னாள் வீரர்களையும், வயதிலும் வாழ்ந்த பகுதியின் வசதியிலும் அவர்களை ஒத்த 1,200-க்கு மேற்பட்ட பொதுமக்களையும் மருத்துவப் பதிவேடுகளில் பின்தொடர்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டது. நரம்புச் சிதைவு நோய் வரும் வாய்ப்பு வீரர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. டிமென்ஷியா மட்டும் இரண்டு மடங்கு, பார்க்கின்ஸன் நோய் மூன்று மடங்கு, இயக்க நரம்பணு நோய் 15 மடங்கு. கடைசி எண்ணைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்: அது மிக அரிதான நோய், எண்ணிக்கை மிகச் சிறியது, ஓரிருவர் கூடினாலோ குறைந்தாலோ மடங்கு பெரிதும் மாறும். மரபணுப் போக்கு உடையவர்களுக்குக் கடும் உடலுழைப்பே அந்நோயைத் தூண்டலாம் என்ற இன்னொரு ஆய்வுவழியும் இருக்கிறது. அதே பதிவேடு நல்லதையும் சொன்னது: வீரர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகக் கூடுதல் வயதுவரை வாழ்ந்திருந்தார்கள். விளையாட்டு உடலுக்குச் செய்த நன்மை பொய்யில்லை.

இந்த ஆய்வில் ஒரு விவரத்தை நான் அடிக்கோடிடுவேன். அந்த 412 பேரில் பெரும்பாலோர் 1995-க்கு முந்தைய, சனிக்கிழமை மட்டும் மோதிய தலைமுறை. தாம்ஸனின் தலைமுறை இன்னும் முதுமையைக்கூடத் தொடவில்லை.

2023-இல் அதே குழு, இறந்தபின் தானமாகக் கிடைத்த 31 ரக்பி வீரர்களின் மூளைகளை ஆராய்ந்தது. 21 மூளைகளில் சி.டி.இ. இருந்தது. தானம் செய்பவர்களில் ஏற்கெனவே நோய் இருந்தவர்கள் அதிகம் என்பதால், மூன்றில் இரண்டு வீரருக்கு இது வரும் என்று பொருள்கொள்ளக் கூடாது. ஆனால் 31 பேருக்குள்ளேயே ஒப்பிட்டபோது கிடைத்த முடிவுக்கு அந்தக் குறை பெரிதாகப் பொருந்தாது. ஸ்க்ரம்மில் தள்ளும் எட்டுப் பேரில் ஒருவராக ஆடினாரா பின்னால் நிற்பவர்களில் ஒருவராகவா, ஊர் அணிக்கா உயர்மட்ட அணிக்கா என்பதெல்லாம் வேறுபாட்டைக் காட்டவில்லை. எத்தனை ஆண்டு ஆடினார் என்பது மட்டுமே காட்டியது. கூடுதலாக ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் வாய்ப்பு 14 சதவீதம் ஏறியது. இந்த ஏற்றம் தொடர்ந்து பெருகினால் பத்தாண்டுகளில் அது மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

நோயின் வாய்ப்பு ஆண்டுகளோடு ஏறுகிறது என்றால், அடிபட்டவரை வெளியேற்றுவது மட்டும் போதாது. மொத்த அளவைக் குறைக்க வேண்டும். உலக ரக்பி அமைப்பு இதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று 2021-இல் சொன்னது. கட்டாய விதியாக இல்லை, வழிகாட்டுதலாகச் சொன்னது. இங்கிலாந்தில் 2023 முதல் தொழில்முறை அல்லாத ஆட்டங்களில் எதிராளியை மார்பெலும்பின் அடிப்பகுதிக்கு மேலே பிடித்து மறிக்க, அதாவது டேக்கிள் செய்ய, கூடாது. டேக்கிள் செய்து மறிப்பவரின் தலைக்குத்தான், பந்தோடு ஓடுபவரின் தலையைவிட ஆபத்து அதிகம் என்று ஒளிப்பதிவுகளை அலசிய ஆய்வு காட்டியிருந்தது. நிமிர்ந்து நின்று மறிக்கும்போது தலையும் தலையும் ஒரே உயரத்தில் வந்துவிடுகின்றன. குனிந்தால் அது நடக்காது. எளிய வடிவியல். எதிர்ப்பு பலமாக எழுந்தது, ஆட்டத்தின் தன்மையே போய்விடும் என்றார்கள். ரக்பியின் விதிகள் அதன் வரலாறு முழுவதும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. மாறாத விதி என்று அதில் ஒன்றும் இல்லை.

என்னைக் கேட்டால், இவற்றில் பயிற்சி வரம்புக்கே எடை அதிகம். ரசிகர் அதனால் எதையும் இழப்பதில்லை. யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்காத, புள்ளியும் கோப்பையும் இல்லாத செவ்வாய்க்கிழமை மோதலுக்காக ஒருவருடைய ஐம்பதாவது வயதைப் பணயம் வைக்க ஒரு நியாயமும் கிடையாது. அதை வழிகாட்டுதலாக விட்டுவைக்காமல் விதியாக்க வேண்டும். குழந்தைகள் மோதல் ஆட்டத்தைத் தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவதும் இதே கணக்கில் சேரும். தொடக்கத்தில் கழிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள், முடிவில் கழிக்கும் ஆண்டுகளுக்குச் சமமான ஆண்டுகள்தான்.

உயிரோடு இருப்பவரின் மூளையில் சி.டி.இ.-யை உறுதிசெய்ய இன்றுவரை வழியில்லை. டௌவில் போய் ஒட்டும் கதிரியக்கக் குறியிகளை உடலில் செலுத்திப் படமெடுக்கிறார்கள். இரத்தத்தில் கசியும் புரதங்களைத் தேடுகிறார்கள். இரண்டும் இன்னும் ஆய்வுக்கூடக் கட்டத்திலேயே இருக்கின்றன. தாம்ஸனுக்குச் சொல்லப்பட்டதும் "சி.டி.இ. ஆக இருக்கக்கூடும்" என்பதுதான். தம் மூளையை இறப்புக்குப் பின் ஆய்வுக்குத் தருவதாக அவர் 2021-இல் உறுதியளித்திருக்கிறார்.

அந்த மூளை என்றோ ஒருநாள் ஆய்வாளர் கைக்கு வரும்போதும், அது எத்தனை அதிர்வுகளைத் தாங்கியது என்று சொல்ல ஏடு எதுவும் இருக்காது. இப்போது களமிறங்குபவர்களின் நிலை வேறு. 2024 முதல் உயர்மட்ட ஆட்டங்களில் உணரி பொருத்திய பல்கவசம், தலை வாங்கும் ஒவ்வோர் அதிர்வையும் அளக்கிறது. நேர்க்கோட்டு அதிர்வுக்கென்று வைத்த வரம்பையும் சுழற்சிக்கென்று வைத்த வரம்பையும் ஓர் அதிர்வு தாண்டினால், களத்தோரம் இருக்கும் மருத்துவருக்கு உடனே எச்சரிக்கை போகிறது. வீரர் சோதனைக்கு வெளியே வந்தாக வேண்டும். அந்த எச்சரிக்கையைவிட, வரம்பைத் தாண்டாத அதிர்வுகளின் பதிவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்டத்திலும் பயிற்சியிலும், ஆண்டுக்கு ஆண்டு, வீரருக்கு வீரர் அந்தப் பதிவைப் பாதுகாத்து வந்தால், எவ்வளவு அதிர்வு சேர்ந்தால் எவ்வளவு சேதம் என்ற கேள்விக்கு, ஆடிய ஆண்டுகளை வைத்து ஊகிக்காமல், உண்மையான எண்களை வைத்துப் பதில் தேடலாம். அதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகும். பதிவுகள் அதுவரை யார் கையில் இருக்கும், வீரர் தம் பதிவைத் தாமே பார்க்க முடியுமா, கழகம் அதைக் காட்டி ஒப்பந்தத்தை மறுக்குமா என்பதையெல்லாம் வீரர்களின் சங்கங்கள் இப்போதே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.